வேலையோடு வரும் படுக்கை

ஜொகூர் பாருவில் வீடில்லாத பெரியவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. நள்ளிரவுக்குமேல் ஜாலான் வோங் ஆ ஃபூக் பக்கம் கடைவரிசையின் ஐந்தடிப் பாதையில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுத்திருப்பார்கள். லார்க்கின் பேருந்து நிலையத்தில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை மட்டும் அந்த வரிசையில் காண்பது அரிது. காணாததால் நிம்மதி வர வேண்டும். வருவதில்லை. வீட்டைவிட்டு வந்த பிள்ளைகள், வீடே கலைந்துபோன பிள்ளைகள், அம்மா ஓரிடம் அப்பா ஓரிடம் என்றானபின் பாட்டியிடம் விடப்பட்டு, பாட்டியும் போய்ச்சேர்ந்ததும் நடுவில் நிற்கும் பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது தமிழ்க் குடும்பங்கள் அறியாத செய்தியல்ல. சொந்தத்தில் ஒருவன், பக்கத்துத் தாமானில் ஒருவன் என்று எல்லாரிடமும் ஒரு பெயர் இருக்கிறது. அப்படியானால் அவர்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள்? தெருவில் இல்லையென்றால் யாரோ படுக்கை கொடுத்திருக்கிறார்கள். எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்கும்போதுதான் நெருடல் தொடங்குகிறது.

கார் கழுவும் கடை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஸ்கூடாயிலோ தெப்ராவிலோ எந்தத் தாமானிலும் ஒரு மூலைக்கடை அப்படி இருக்கும். முன்னால் நுரையும் தண்ணீருமாகச் சிமெண்டுத் தரை, கயிற்றில் காயும் துடைதுணிகள், ஓயாமல் இரையும் கம்பிரசர். பின்னால் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னே உறை கிழிந்த ஒற்றை மெத்தை, தலைமாட்டில் கொசுவர்த்தி, ஆணியில் ஹெல்மெட், மூலையில் ஒரு பள்ளிக்கூடப் பை. பையில் இப்போது புத்தகம் கிடையாது. இரண்டு டீசட்டை, ஒரு ஜீன்ஸ், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த பிறப்புப் பத்திரம். நாளெல்லாம் ஈரத்தில் நின்றதில் கால்விரல் இடுக்குகள் வெள்ளையாக வெந்துபோயிருக்கும். அதற்குப் பூச மருந்து வாங்கித் தருவதும் கடைக்காரர்தான். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. படிவம் மூன்றோடு பள்ளியை விட்டுவிட்டு வந்து நின்றவனிடம், “இங்கேயே படுத்துக்கடா, சாப்பாட்ட நான் பாத்துக்கிறேன்” என்றவர் அவர். அந்த நேரத்தில் வேறு யாரும் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. ஆனால் மழை பிடித்துக்கொண்டால் கார் வராது, கூலியும் வராது. படுக்க இடம் கொடுத்திருப்பதால் கூலி குறைவு என்பது இருவரும் வாய்விட்டுப் பேசாத ஒப்பந்தம். ஒருநாள் வாடிக்கையாளரின் கார்க் கதவில் கீறல் விழும், வார்த்தை தடிக்கும், பத்து நிமிடத்தில் அந்தப் பள்ளிக்கூடப் பை மறுபடி தோளில் ஏறும். வேலை போன அதே நிமிடத்தில் படுக்கையும் போயிற்று.

இந்த ஏற்பாடு ஜொகூர்த் தமிழர்களுக்குப் புதிதல்ல என்பது இன்னும் உறுத்துகிறது. குளுவாங்கிலும் ரெங்கத்திலும் சிகாமட்டிலும் மூன்று தலைமுறை குடியிருந்தது லயத்து வீடுகளில். லயம் வேலைக்காரனுக்கான வீடு. விடிகாலைப் பிரட்டுக்குப் போகிறவரை வீடு; கை விழுந்து, கண் மங்கி, வேலைப்பட்டியலில் பெயர் அடிபட்டால் அதே லயத்தில் தங்க மகனோ மகளோ மருமகளோ தோட்டத்தில் பெயர் போட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் பதினைந்து வயதில் மரத்துக்குப் போனதற்குப் பின்னால் ஏழ்மையோடு இந்தக் கணக்கும் இருந்தது. வீட்டின் கூரையைத் தாங்கியது பல நேரம் ஒரு பிள்ளையின் உளி. பிறகு தோட்டங்கள் கைமாறின. இன்று காபிக் கடைகளும் வணிக வளாகங்களும் நெருக்கும் மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் தோட்டம். பெயரை மட்டும் தாமான் எடுத்துக்கொண்டது. 2006இல் இஸ்கந்தர் வளர்ச்சி வட்டாரம் அறிவிக்கப்பட்டபின் தென்ஜொகூரில் நிலம் எந்த வேகத்தில் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனது என்பதை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். தொழிலாளர் வீட்டுவசதிக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. தண்ணீர், விளக்கு, அறை அளவு எல்லாம் அதில் வரும். வேலையை விட்டவர் எங்கே போவார் என்பதைக் கேட்க அது எழுதப்படவில்லை. தாத்தா மண்டோரின் முகம் பார்த்து வீட்டைக் காப்பாற்றினார். பேரன் கார் கழுவும் கடைக்காரரின் முகம் பார்க்கிறான். நடுவில் நாடு சுதந்திரம் அடைந்தது, செம்பனை வந்தது, கோபுரங்கள் எழுந்தன.

அரசாங்கம் தரும் படுக்கையில் வேலை என்ற கயிறு இல்லை. வயது என்ற கயிறு இருக்கிறது. 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் பதினெட்டு நிரம்பாத எவரையும் குழந்தை என்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை என்று நீதிமன்றம் கருதினால், தகுந்த ஒருவரிடமோ இல்லம் ஒன்றிலோ ஒப்படைக்கலாம். இல்லத்தில் வைக்கும் உத்தரவுக்கு ஆயுள் மூன்று ஆண்டு, அல்லது பதினெட்டாம் பிறந்தநாள், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை. படிப்பு முடியும்வரை வைத்துக்கொள்ளும் இல்லங்கள் உண்டு. அது அந்த இல்லத்தின் பெருந்தன்மை. பதினெட்டுக்கு அந்தப்பக்கம் காத்திருப்பது 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம். அதன்கீழ் அனுப்பி வைக்கப்படுகிறவர்களுக்கான அரசு நிலையங்களில் ஒன்று ஜொகூரிலேயே, மெர்சிங்கில் இருக்கிறது. கோலாலம்பூரில் 2011இல் தொடங்கிய அஞ்சோங் சிங்கா என்ற தற்காலிகத் தங்குமிடம் பின்னர் ஜொகூர் பாருவுக்கும் வந்தது. வேலை தேடிக்கொடுத்துச் சீக்கிரம் அனுப்பி வைப்பது அதன் நோக்கம், பெரியவர்களை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டது. ஆக, பதினேழு வயது முடியும் இரவு வரை பால் குடித்தாயா என்று கேட்கும் சட்டம், மறுநாள் காலையில் தொழில் என்ன என்று கேட்கிறது. எந்தத் தமிழ்க் குடும்பமும் தன் பிள்ளையைப் பதினெட்டாம் பிறந்தநாளன்று வாசலில் கொண்டுபோய் விடுவதில்லை. இருபத்தைந்து வயது மகன் வேலையை விட்டுவிட்டு வந்தால் அம்மா திட்டிக்கொண்டே சோறு போடுவாள். இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளையோர் நீதிச் சட்டம் இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்குப் பின்பராமரிப்பு என ஒரு பிரிவையே ஒதுக்கி, அதன் விதிகள் வழியாக இருபத்தொரு வயது வரையிலும் விதிவிலக்காக இருபத்துமூன்று வரையிலும் கைபிடிக்கச் சொல்கிறது. அங்கேயும் சட்டத்தில் இருப்பது எல்லா மாவட்டத்திலும் கிடைப்பதில்லை என்பது வேறு கதை.

இதை எழுதும்போது 2023 மார்ச் வெள்ளம் நினைவுக்கு வருகிறது. பத்து பஹாட்டிலும் சிகாமட்டிலும் தண்ணீர் ஏறியபோது ஜொகூரில் 40,000க்கும் அதிகமானோர் நிவாரண மையங்களில் இருந்தார்கள். பள்ளி மண்டபங்களில் ஓரிரவில் பாயும் போர்வையும் சாப்பாடும் வந்தன. நல்ல நடத்தைச் சான்றிதழ் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. கூரை போனது தண்ணீரால் என்றால் அது இயற்கை. அப்பாவின் குடியால் என்றால் அது குடும்ப விவகாரம்.

இந்த இடைவெளியை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் வேறு சிலர். 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்றும் சொன்னது. சமூகம் வெட்கப்பட்டது, கோபப்பட்டது, கருத்தரங்கு நடத்தியது. பட்டியலில் இருந்த எண்களைப் பற்றிப் பேசிய அளவுக்கு, ஒரு பையன் முதன்முதலில் அந்த வட்டத்துக்குள் எப்படிக் கால் வைக்கிறான் என்பதைப் பேசவில்லை. கத்தியோடு அது தொடங்குவதில்லை. வாடகை வீடு ஒன்றில் ஏற்கெனவே நான்கைந்து பேர் படுத்திருப்பார்கள், இன்னொருவனுக்கு இடம் இருக்கும். இரவு ஒரு மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்கு அண்ணன் காசு கொடுப்பார். வயது கேட்க மாட்டார், படிவம் நிரப்பச் சொல்ல மாட்டார், எத்தனை மணிக்கு வந்தாலும் கதவு திறப்பார். வீடு என்ற சொல்லுக்கு இந்த ஊரில் கிடைக்கும் மிக நெருங்கிய பொருள் அதுதான் என்று அந்தப் பையன் நினைத்தால், அவன் நினைப்பில் பிழை கண்டுபிடிப்பது கடினம். அந்தப் படுக்கையின் கயிறு பல மாதம் கழித்து, ஒரு சின்ன உதவி கேட்கும் குரலாக வரும். கணக்கு ஒன்றைத் திறந்து ஏடிஎம் கார்டைக் கொடு என்பது இப்போதெல்லாம் அந்த முதல் உதவி. பத்திரிகைகள் கழுதைக் கணக்கு என்று எழுதுவது இதைத்தான். மோசடிப் பணம் அதன் வழியே போகும், போலீஸ் வந்து நிற்பது கணக்கில் பெயருள்ளவன் வாசலில்.

பெண்பிள்ளைகளை இதே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது. கார் கழுவும் கடையில் அவர்களுக்குப் படுக்கை இல்லை. காதலனின் வீட்டில் இருக்கிறது. “நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி” என்ற சொல்லோடு உள்ளே போகிறவள் சில மாதங்களில் சமையலறையும் மாமியாரின் மருந்துப் பெட்டியும் கைக்குழந்தையுமாக ஆகிவிடுகிறாள். முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில் மணவயது பதினெட்டு என்றாலும், பதினாறு நிறைந்த பெண்ணுக்கு மாநில மந்திரி புசார் தனி உரிமம் தரலாம் என்ற கதவு திறந்தே இருக்கிறது. பையனுக்கு அந்தக் கதவு இல்லை. வீடில்லாத பெண்ணுக்குச் சட்டமே யோசித்து வைத்திருக்கும் படுக்கையாக அது தோன்றுவதைத் தவிர்க்க முடியவில்லை.

நல்ல முயற்சிகள் நாட்டில் இல்லாமல் இல்லை. 1959இல் காப்ரியேல் சபைச் சகோதரர்கள் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பாய்ஸ் டவுன், ஷா ஆலாமில் இன்றும் விடுதியையும் தொழிலையும் சேர்த்துக் கொடுக்கிறது. பற்றவைக்கவும் மோட்டார் பழுதுபார்க்கவும் அச்சடிக்கவும் கற்று வெளியே போன தமிழ்ப் பையன்கள் ஏராளம். வழக்கறிஞர் பசுபதி 2011இல் தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம், பள்ளியை விட்டு நின்ற இந்தியப் பிள்ளைகளை உலு சிலாங்கூரின் களும்பாங்கில் தங்கவைத்துப் படிக்கவைக்கிறது. இரண்டும் சிலாங்கூரில் இருக்கின்றன. லாபிஸிலிருந்தோ கூலாயிலிருந்தோ ஒரு பையன் அங்கே போவதென்றால் தெரிந்த ஊர், தெரிந்த கடை, எப்போதாவது பத்து வெள்ளி கொடுக்கும் சித்தி, எல்லாவற்றையும் விட்டுப் போக வேண்டும். தொழில் கற்று முடித்தபின் அவன் திரும்பி வர ஜொகூரில் ஓர் அறை காத்திருப்பதில்லை. ஜொகூரில் தொழில் கற்க இடமில்லை என்றில்லை. பாசீர் கூடாங்கில் தொழில்துறைப் பயிற்சி நிலையம் இருக்கிறது, ஊருக்கு ஊர் கியாட்மாரா இருக்கிறது. ஆனால் அவற்றின் படிவம் அடையாள அட்டை எண்ணையும் வீட்டு முகவரியையும் முதலில் கேட்கும். கல்விக்கு முகவரி வேண்டும், முகவரிக்கு வாடகை வேண்டும், வாடகைக்கு வேலை வேண்டும், நல்ல வேலைக்குக் கல்வி வேண்டும். 2025இல் இடைநிலைக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் பதில் சொல்ல வேண்டும். பெற்றோரே இல்லாதவன் விஷயத்தில் யாரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று தெரியவில்லை.

படுக்கையையும் படிப்பையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவது ஒரு விடை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிரான்சில் வேலை தேடி நகரத்துக்கு வந்த இளைஞர்களுக்காகப் பரவிய ஃபுவாயே விடுதிகள் அந்த வகை; 1992 முதல் பிரிட்டனும் அதே பெயரில் தொடங்கியது. அறை கிடைக்கும், பதிலுக்கு நீ படிக்கவோ பயிற்சிக்குப் போகவோ வேண்டும் என்று கையெழுத்து வாங்குவார்கள். நியாயமாகத்தான் படுகிறது. சும்மா கொடுத்தால் கெட்டுப்போவான் என்பது நம் வீட்டுத் திண்ணையிலும் கேட்கும் குரல். ஆனால் அதே 1992இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் நேர் எதிராகத் தொடங்கினார்: முதலில் வீட்டைக் கொடு, குடியை விட்டானா, வேலைக்குப் போனானா என்பதைப் பிறகு பார். பின்லாந்து 2008 முதல் அதையே தேசியக் கொள்கையாக்கியது, வீடில்லாதோர் எண்ணிக்கை கணிசமாக இறங்கியது. அவை பெரும்பாலும் பெரியவர்களுக்கானவை. பதினாறு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு எதையும் கேட்காமல் இருப்பது அன்பா அலட்சியமா என்ற சந்தேகம் நியாயமானது. கேட்க வேண்டும். அவன் எத்தனை மணிக்கு வந்தான், சாப்பிட்டானா, ஏன் வகுப்புக்குப் போகவில்லை என்று யாராவது கேட்டுத் தொலைக்கத்தான் வேண்டும். குடும்பமும் கேட்கிறது. ஆனால் குடும்பத்தில் பதில் தவறாக இருந்தாலும் படுக்கை அங்கேயே கிடக்கிறது. கடைக்காரர், இல்லம், அண்ணன், விடுதி, தோட்டம் என்று இதுவரை சொன்ன எந்த இடத்திலும் அப்படி இல்லை.

வாழ்க்கைத் திறன் என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளில் தன்னம்பிக்கை, தலைமைத்துவம், இலக்கு என்று வெண்பலகையில் எழுதுகிறார்கள். கார் கழுவும் கடைப் பையனுக்குத் தேவைப்படுவது இன்னும் சில்லறையானது. சோறு வடிக்கத் தெரிய வேண்டும். சம்பளச் சீட்டில் சேமநிதி, சொக்சோ என்று பிடித்தது உண்மையில் கட்டப்படுகிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். கூட்டாளியின் மோட்டார்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட மறுக்கத் தெரிய வேண்டும். அடையாள அட்டையைப் பதினெட்டு வயதுக்குப் பிறகு புதிய படத்தோடு மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த அட்டை எண்ணின் நடுவில் வரும் 01 அவன் ஜொகூரில் பிறந்தவன் என்று சொல்கிறது. அட்டையே இல்லாதவன் கதை இன்னும் சிக்கல். பெற்றோர் திருமணத்தைப் பதியாததாலோ, அம்மா வேறு நாட்டவர் என்பதாலோ, யார் பெற்றார்கள் என்றே தெரியாததாலோ குடியுரிமை இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் தமிழர்களிடையே உண்டு. ஈப்போவில் பிறந்தவுடன் கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளையை 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் குடிமகன் என்று தீர்ப்பளித்தபோது, அந்த ஒரு வீட்டில் விளக்கேற்றியிருப்பார்கள். மற்றவர்கள் அமைச்சரின் தனி அதிகாரத்தை நம்பி அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் விண்ணப்பிக்கிறார்கள். அதற்கு வயது வரம்பு இருபத்தொன்றாக இருந்தது. 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறிய திருத்தம் பதினெட்டாகக் குறைக்கிறது. எங்கே திரும்பினாலும் அதே பதினெட்டு.

தனி மனிதர்கள் செய்யக்கூடாதா என்றால், செய்கிறார்கள். பிள்ளைகள் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ போய்விட்டபின் காலியாகக் கிடக்கும் அறையில் யாரோ ஒரு பையனை வைத்துக்கொள்கிற தம்பதியர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி நான்கு பேரைத் தங்கவைத்துப் பராமரித்தால் அது மையம். பதிய வேண்டும், தீயணைப்புத் துறை பார்க்க வேண்டும். மூன்று பேர் வரை மனிதாபிமானம், நான்காவது ஆள் வந்தால் அலுவலகக் கோப்பு. இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் 2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் போலீஸ் புகுந்து 402 பிள்ளைகளை மீட்டபின், கேள்வி கேட்காத கதவு எப்போதும் நல்ல கதவு என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

மிஞ்சுவது ஓர் அறை. கேலாங் பாத்தா கடலோரத்தில் 7 லட்சம் பேர் குடியேறுவதாகத் திட்டமிட்ட ஃபாரஸ்ட் சிட்டியின் கோபுரங்களில் இரவில் எரியும் விளக்குகளை எண்ணிவிடலாம். இந்த மாநிலத்தில் அறைக்குப் பஞ்சம் இல்லை. மாதம் 500 வெள்ளி வாடகை என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு மாத முன்பணம், முதல் மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம்: கையில் 1,750 வெள்ளி வேண்டும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. பதினெட்டு நிரம்பாதவன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும் அது செல்லாது; பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை அனுமதி வாங்கவும் அதே வயதுதான். ஆக அவனுக்காக வேறொருவர் கையெழுத்துப் போட வேண்டும். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார். துண்டாடப்படும் தோட்டத்தோடு வீடும் போகிறது என்ற பயத்துக்கு அந்தத் தலைமுறை கண்ட பதில் அது. முன்பணம் கட்டி, ஜாமீன் கையெழுத்துப் போட, ஜொகூர் பாருவின் கோயில்களும் சங்கங்களும் சேர்ந்து அதே பத்து வெள்ளிக் கணக்கில் ஒரு நிதி வைப்பது நடக்காத காரியமல்ல. அன்னதானத்துக்கும் தேருக்கும் சேரும் பணத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். முதல் பையனுக்குக் கொடுக்கும்போது படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவார்கள். மூன்றாவது மாதம் அவன் வேலைக்குப் போகாமல் படுத்திருப்பான், கூட்டாளிகளைக் கூட்டிவருவான், கதவை உடைத்துவிட்டு ஓடிப்போவான். முன்பணம் போகும். மழைக்காலத்தில் அவனே திரும்பி வந்து மறுபடி கேட்பான். அந்த இரண்டாவது 1,750 வெள்ளியைக் கணக்கேட்டில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று செயலவைக் கூட்டத்தில் பொருளாளர் கேட்டே தீருவார்.